செங்கோலின் எல்லை எது?

(ஏற்காட்டில் தமிழன்பர் கூடிய அவையொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

‘அரசும் உரிமையும் நம்பிக்கையும்’ என்பது எனக்குத் தரப்பட்ட தலைப்பு. இம்மூன்றும் மெய்யியலார் நெடுங்காலமாக எடைபோட்டு வரும் பொருள்கள். ஆள்வோனுக்கு ஆளும் உரிமையை யார் கொடுத்தார்? ஆளப்படுவோன் எதனை விட்டுக்கொடுக்கலாம், எதனை விட்டுக்கொடுக்கலாகாது? ஒருவன் நெஞ்சில் வைத்து வழிபடும் ஒன்றை வேறொருவன் பொய்யென்று கருதினால், அவ்விருவர்க்கும் நடுவே அரசு எங்கு நிற்க வேண்டும்? இவ்வினாக்களைக் கிரேக்கத்து ஏதென்சிலிருந்து தொடங்குவது கல்லூரி வழக்கம். நாம் அவ்வளவு தொலைவு செல்ல வேண்டியதில்லை. நாம் அமர்ந்திருக்கும் இச் சேர்வராயன் மலையே இம்மூன்று வினாக்களையும் சுமந்துகொண்டு நிற்கின்றது. ஆகவே இன்று நூலை மூடிவைத்துவிட்டு மலையைப் படிப்போம்.

மலையும் மலையாளியும்

சேலத்திற்கு வடக்கே எழுந்து நிற்கும் இம்மலைத்தொடரை ஆங்கிலேயன் ‘செவராய்’ என்று தன் நாவிற்கு ஏற்றவாறு சிதைத்து எழுதினான். மலையின் பெயர் சேர்வராயன். அது வெறும் இடப்பெயரன்று; இம்மலை மக்களின் தெய்வப்பெயர். ஏற்காட்டு ஊர் கடல்மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் உள்ளது. அதனினும் உயர்ந்த முகட்டில், ஏறத்தாழ 1,620 மீட்டர் உயரத்தில், குனிந்து நுழைய வேண்டிய ஒடுங்கிய கல்முழை ஒன்று இருக்கின்றது. அம்முழையில் சேர்வராயனும் காவிரியம்மனும் உறைவதாக மலைமக்கள் வழிபடுகின்றனர். ஆண்டுதோறும் மே மாதத்தில் விழா. அன்று சுற்றுவட்டாரச் சிற்றூர்களெல்லாம் முகடேறி வந்துவிடும்.

இம்மக்களுக்கு மலையாளிகள் என்று பெயர். சேரநாட்டு மலையாளியரோடு இவர்களைக் குழப்பிக்கொள்வார் இன்றும் உளர். மலையை ஆள்வோர் என்பதே இச்சொல்லின் பொருள். இவர்தம் தாய்மொழி தமிழே. காராளர் என்றும் தம்மைக் கூறிக்கொள்வர். காஞ்சிபுரத்தினின்று புறப்பட்ட மூன்று உடன்பிறந்தாருள் ஒருவர் சேர்வராயனிலும், ஒருவர் பச்சைமலையிலும், ஒருவர் கொல்லிமலையிலும் குடியமர்ந்தனர் என்பது இவர்களின் வாய்மொழி மரபு. தமிழ்நாட்டுப் பழங்குடிகளுள் தொகையால் மிகுந்தவர் மலையாளிகளே. நம் சட்டமன்றத்தின் 234 தொகுதிகளுள் பழங்குடியினர்க்கென ஒதுக்கப்பட்டவை இரண்டே. ஒன்று ஏற்காடு, மற்றொன்று சேந்தமங்கலம்.

‘மலையை ஆள்பவன்’ என்று பெயர் தாங்கியவன், அதே மலையில் விறகு பொறுக்குவதற்கும் தேன் எடுப்பதற்கும் பிறரிடம் இசைவு கேட்டு நிற்கும் நிலை எப்படி வந்தது? நம் முதல் வினா இதுவே.

கோல் மலையேறிய வழி

மலைக்கும் முடிக்கும் நடந்த வழக்கு தமிழர்க்குப் புதிதன்று. பறம்புமலையைப் பாரி ஆண்டான், மூவேந்தரும் முற்றுகையிட்டனர். கபிலர் அம்மலையின் வளத்தைச் சொல்லும்போது, உழுது பயிரிடாமலே மலை தரும் மூங்கில் நெல்லையும், பலாவையும், வள்ளிக்கிழங்கையும், தேனையும் எண்ணிக் காட்டுகின்றார். உண்ண உணவு மலையிலேயே இருக்கும்போது வேந்தரின் முற்றுகைக்கு அம்மக்கள் ஏன் அஞ்ச வேண்டும் என்பது அப்புலவர் பெருமானின் கருத்து. இதில் ஓர் ஆழ்ந்த அரசியல் உண்மை பொதிந்து கிடக்கின்றது. எவனுடைய உணவு அவன் கையில் இருக்கின்றதோ, அவனுடைய விடுதலையும் அவன் கையில் இருக்கின்றது. பறம்பை வீழ்த்த விரும்பிய வேந்தர்க்கு வேல் போதவில்லை. பின்னாளில் வந்தவர்கள் வேலை எடுக்கவில்லை. தாளையும் மையையும் எடுத்தார்கள்.

1820-களில் சேலம் மாவட்டத் தண்டலராக இருந்த காக்பர்ன் என்னும் ஆங்கிலேயர் இம்மலையில் காப்பிச் செடியைக் கொணர்ந்து ஊன்றினார். காப்பி என்று சொல்லிப் பழகிவிட்ட அக் குளம்பிப் பயிரை நான் குறைகூற வரவில்லை. இன்று இம்மலையில் பலர்க்குக் கூலியும் சோறும் தருவது அதுதான். ஆயினும் அச்செடியோடு வேறொன்றும் மலையேறியது. நிலம் என்பது குடியிருந்து உழைப்பவனுக்கு உரியது என்னும் பழைய எண்ணம் போய், ஆவணம் வைத்திருப்பவனுக்கு உரியது என்னும் புதிய எண்ணம் வந்தது. எழுத்தறியாத மக்கள் நடுவே எழுத்தே உரிமைக்குச் சான்றாயிற்று.

1882-ஆம் ஆண்டில் சென்னை மாகாணத்துக் காட்டுச்சட்டம் வந்தது. ஒரு காட்டை ஒதுக்கக் காடாக அரசு அறிவிக்கலாம். அதில் உரிமை உடையவர் எவரேனும் இருப்பின், குறித்த காலத்திற்குள் அலுவலர் முன் வந்து உரிமை கோர வேண்டும். கோராதார் உரிமை அற்றுப்போகும். தாளில் பார்த்தால் எவ்வளவு முறையான ஏற்பாடு! ஆனால் கோருவதற்கு அறிவிப்பைப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும். அலுவலகம் இருக்கும் இடம் தெரிந்திருக்க வேண்டும். எல்லாவற்றிற்கும் மேலாக, தன் பாட்டன் நடந்த காட்டில் தான் நடப்பதற்கு எவனிடமோ கோர வேண்டும் என்னும் எண்ணமே தோன்றியிருக்க வேண்டும். தன் தாயைத் தாய் என்று மெய்ப்பிக்க எவரேனும் மூன்று திங்களுக்குள் விண்ணப்பம் எழுதுவரா? வாய்மூடி இருந்தவனின் அமைதியை இசைவு என்று எழுதிக்கொண்டது அரசு.

கோலேந்திய மன்னன் குடிகளிடம் பொருள் கேட்பது, வேலேந்திய ஆறலைக்கள்வன் வழிப்போக்கனிடம் கேட்பதை ஒக்கும் என்று கொடுங்கோன்மையைப் பற்றி வள்ளுவர் கூறுகின்றார். அவ்வுவமையின் கூர்மையைப் பாருங்கள். கேட்கும் சொல் பணிவான சொல்லாகவே இருக்கலாம். கையில் இருப்பது வேல். மறுக்க இயலாதவனிடம் பெறும் இசைவு இசைவே ஆகாது.

இங்கு நான் ஐரோப்பிய அறிஞர் ஒருவரை அவைக்கு அழைக்க வேண்டியிருக்கின்றது. உரிமை பற்றிப் பேசுவோரெல்லாம் மேற்கோள் காட்டும் நூல் சான் இசுடூவர்ட்டு மில் என்பவர் 1859-இல் வெளியிட்ட உரிமை பற்றிய நூல். பிறர்க்குத் தீங்கு செய்யாத வரையில் ஒருவனுடைய எண்ணத்திலும் வாழ்விலும் அரசோ குமுகாயமோ தலையிடலாகாது என்பது அந்நூலின் சாரம். உயர்ந்த கருத்து, நாம் ஏற்கத்தக்க கருத்து. ஆனால் அதே நூலின் தொடக்கத்திலேயே, இக்கொள்கை முதிர்ச்சி பெற்ற மக்களுக்கே உரியது, பின்தங்கிய குமுகங்களுக்குப் பொருந்தாது என்று அவர் விலக்கும் வைத்துவிட்டார். அவர் 1823 முதல் 1858 வரை இலண்டனில் கிழக்கிந்தியக் கும்பினியின் அலுவலராய் இருந்தவர் என்பதை நினைவிற் கொள்ளுங்கள். அதாவது, காக்பர்ன் இம்மலையில் செடி ஊன்றிய காலத்தில், அக் காக்பர்னுக்குச் சம்பளம் தந்த அதே கும்பினியின் மேசையில் மில் எழுதிக்கொண்டிருந்தார். உரிமையின் இலக்கணத்தை எழுதிய கை, அவ்விலக்கணத்திற்குப் புறனடையாக நம்மை ஒதுக்கிவைத்தது.

ஆங்கிலேயன் போய்விட்டான். ‘இவர்களுக்கு முதிர்ச்சி இல்லை, இவர்களுக்கு எது நல்லது என்று நாம் முடிவு செய்வோம்’ என்னும் அந்த எண்ணம் போய்விட்டதா? தில்லியிலும் சென்னையிலும், ஏன், சேலத்திலும்கூட, மலைமக்களைப் பற்றி நாம் பேசும் பேச்சைக் கேட்டுப் பார்த்தால், மில்லின் புறனடை இன்னும் உயிரோடிருப்பது தெரியும்.

முழைக்குள் காவிரி

இனி இரண்டாம் வினா. சேர்வராயன் முழை உள்ளே நீண்டு சென்று காவிரியாற்றோடு இணைகின்றது என்பது இம்மலை மக்களின் நம்பிக்கை. நம் இயக்க இளைஞர்களுள் சிலர் இதனைக் கேட்டதும் நகைப்பர். ‘ஐயா, நாம் பகுத்தறிவின் வழி நிற்போர். மலைக்குகை ஆற்றுக்கு வழியாகுமா? இத்தகைய நம்பிக்கைக்கெல்லாம் அரசு செவிசாய்க்க வேண்டுமா?’ என்று வினவுவர். இது நேர்மையான வினா. மழுப்பாமல் விடை சொல்ல வேண்டும்.

நில நூலார் சொல்லும் செய்தியொன்று உண்டு. சேலம் நகரின் நடுவே ஓடும் திருமணிமுத்தாறு இம்மலையில் பிறக்கின்றது; ஓடிச் சென்று காவிரியிற் கலக்கின்றது. சரபங்காவும் அவ்வாறே. ஆக, மலையின் நீர் காவிரிக்குச் செல்கின்றது என்பது மெய். முழை வழியாகச் செல்கின்றதா என்பது வேறு. முகட்டில் காவிரியம்மனை வைத்து வணங்கிய முன்னோன், தன் மலைக்கும் சமவெளியின் ஆற்றுக்கும் உள்ள உறவை அறிந்திருந்தான் என்று கொள்வதில் தவறில்லை.

ஆயினும் என் விடை அதுவன்று. ஒரு நம்பிக்கைக்குள் அறிவியல் உண்மை ஒளிந்திருப்பதால்தான் அதற்குக் காப்பு வேண்டும் என்றால், உண்மை ஒளிந்திராத நம்பிக்கைக்குக் காப்பு இல்லை என்றாகிவிடும்; எதில் உண்மை உண்டு என்று சொல்லும் அதிகாரம் அரசுக்குப் போய்விடும். அதுதான் ஏதம். நம்பிக்கையின் மெய்பொய்யை ஆராயும் உரிமை எனக்குண்டு, உங்களுக்குண்டு. அரசுக்கு மட்டும் இல்லை. ஏனெனில் நம் கையில் இருப்பது சொல். அரசின் கையில் இருப்பது கோல்.

கோல் சமயத்தின் பக்கம் சாய்ந்தபோதெல்லாம் என்ன நடந்தது என்பதை நம் இலக்கியமே காட்டுகின்றது. சமயம் மாறியமைக்காக நாவுக்கரசரைப் பல்லவ வேந்தன் ஒறுத்தான் என்று பெரியபுராணம் சொல்கின்றது; அரசன் ஆணைக்குத் தாம் அடங்கியவரல்லர் என்று அவர் நிமிர்ந்து நின்றதைச் சைவர் போற்றுகின்றனர். மதுரையில் சமணர் கழுவேறினர் என்று சொல்வதும் அதே பெரியபுராணந்தான். அது வரலாற்றில் நடந்ததா என்பதில் ஆய்வாளர் வேறுபடுவர். ஆனால் முதற்கதையில் அரசனைப் பழித்து, இரண்டாங்கதையில் அரசனைப் புகழ்பவன் உரிமையைப் போற்றுபவன் அல்லன். தன் கட்சியைப் போற்றுபவன்.

இதற்கு மாறான நன்மரபும் நமக்குண்டு. இந்திரவிழாவிற்கு முரசறைந்தபோது, பல சமயத்தாரும் பட்டிமண்டபம் ஏறித் தத்தம் பொருளை வழக்காடலாம் என்று அறிவிக்கப்பட்டதை மணிமேகலை கூறுகின்றது. வஞ்சி நகரில் மணிமேகலை சமயக் கணக்கர் பலரையும் கண்டு அவரவர் கொள்கையைக் கேட்டறிந்தாள். கடவுள் இல்லை என்பானும் அவ்வரிசையில் நின்று பேசினான். மேடை அமைப்பது அரசின் வேலை. மேடையில் வெல்பவன் யார் என்று சொல்வது அரசின் வேலையன்று.

இந்நெறியின் பயனை இறைமறுப்பாளரும் நுகர்ந்திருக்கின்றனர். இம்மலையின் அடியிலுள்ள சேலத்தில்தான் 1944 ஆகசுட்டு 27 அன்று நயன்மைக் கட்சி திராவிடர் கழகமாயிற்று. அதே சேலத்தில்தான் 1971 சனவரியில் பெரியார் மூடநம்பிக்கை ஒழிப்பு மாநாடு கூட்டினார். மாநாட்டாரின் ஊர்வலமும் சென்றது; எதிர்ப்பாளரின் கருப்புக்கொடியும் எழுந்தது. அன்று எழுந்த பூசல் இன்றும் பேசப்படுகின்றது. மலைமேல் இறைவனை வணங்குவோனும், மலையடியில் இறைவனை மறுப்போனும் ஒரே உரிமையின் இரு கிளைகள். ஒன்றை வெட்டக் கோடரி கொடுத்தால் அக்கோடரி மற்றதனையும் வெட்டும்.

ஆசிரியன் என்னும் முறையில் இன்னுமொரு வழக்கையும் சொல்ல விரும்புகின்றேன். 1985-இல் கேரளத்தில் மூன்று பள்ளிக் குழந்தைகள் நாட்டுப்பண் பாடப்படும்போது பாடவில்லை என்பதற்காகப் பள்ளியினின்று நீக்கப்பட்டனர். அவர்கள் யெகோவாவின் சாட்சிகள் என்னும் கிறித்தவப் பிரிவினர். பண் ஒலித்தபோது மதிப்போடு எழுந்து நின்றனர். பாடுவதற்கு மட்டும் அவர்தம் நெறி இடந்தரவில்லை. 1986 ஆகசுட்டு 11 அன்று உச்ச முறைமன்றம் அக்குழந்தைகளைத் திரும்பச் சேர்க்குமாறு தீர்ப்பளித்தது. அந்நம்பிக்கை நம் அறிவுக்கு ஏற்புடையதா என்பது வினாவன்று. அவர்கள் அதனை உண்மையாக நெஞ்சிற் கொண்டிருக்கின்றனரா என்பதே வினா என்று முறையர் கருதினர். சேர்வராயன் முழைக்கும் இவ்வளவுகோலே போதும்.

கோல் எங்கே தலையிடலாம்?

அப்படியாயின் நம்பிக்கை என்று சொல்லிவிட்டால் எதனையும் செய்யலாமா? மூன்றாம் வினா இது. இங்கு நான் அசையாமல் சொல்வேன்: செய்யலாகாது.

ஒருவன் தன்மேல் சுமந்துகொள்ளும் நம்பிக்கை ஒன்று. பிறன் முதுகில் ஏற்றும் நம்பிக்கை மற்றொன்று. நோன்பிருப்பது, மலையேறுவது, மொட்டையடித்துக் கொள்வது, அல்லது இவை ஒன்றும் வேண்டா என்பது முதல்வகை. ‘நீ உள்ளே வராதே, நீ தொட்டால் தீட்டு, நீ கருவறைக்குத் தகுதியில்லாத பிறப்பு’ என்பது இரண்டாம்வகை. முதல்வகையில் கோல் நுழையலாகாது. இரண்டாம்வகையில் கோல் நுழையாவிடின் அது செங்கோலாகாது.

தமிழகம் இவ்வேறுபாட்டை நன்கறிந்த மண். 1939 சூலை 8 அன்று மதுரை மீனாட்சியம்மன் கோவிலுக்குள் ஒடுக்கப்பட்ட மக்கள் அழைத்துச் செல்லப்பட்டனர். 1947-இல் சென்னை மாகாணம் முழுமைக்கும் கோவில் நுழைவுச் சட்டம் வந்தது. 1970-இல் கோவில் பூசகர் பணியில் வழிவழியுரிமையை ஒழிக்கும் திருத்தத்தை நம் சட்டமன்றம் நிறைவேற்றியது. 1972-இல் உச்ச முறைமன்றம் அவ்வொழிப்பை ஏற்றுக்கொண்டது. ஆயினும் ஆகமத் தடைகளால் பணி நெடுங்காலம் தேங்கி, 2021 ஆகசுட்டில்தான் பயிற்சி பெற்ற பல குலத்தாரும் அரசாணை பெற்றுக் கோவில்களில் அமர்ந்தனர். இவையெல்லாம் நம்பிக்கையின்மேல் அரசு தொடுத்த போரல்ல. வாயிலில் நின்று மறித்தவனை விலக்கி, வணங்க வந்தவனை உள்ளே விட்ட செயல்கள். வணங்குவோரின் உரிமை அவற்றால் பெருகிற்றேயன்றிக் குறையவில்லை.

இப்போது இவ்வளவுகோலை மலைக்குக் கொண்டு வாருங்கள். சேர்வராயனை வணங்கும் மலையாளி எவனை மறித்தான்? எவன் முதுகில் ஏறினான்? அவன் நம்பிக்கையால் பிறர்க்கு வந்த தீங்கு யாது? ஒன்றுமில்லை. ஆகவே அரசு அவன் நம்பிக்கைக்குள் நுழைய இடமில்லை. எல்லோரும் இதனை ஒப்புவர். ‘நாங்கள் உங்கள் வழிபாட்டைத் தடுக்கவில்லையே, தாராளமாக வழிபடுங்கள்’ என்று அரசும் சொல்லும்.

ஆனால், மலையையே எடுத்துவிட்டால்?

பன்னிரண்டு ஊரவைகள்

இம்மலையின் உடல் சார்னோக்கைட்டு என்னும் கடும்பாறை. எண்ணற்ற ஆண்டுகளாகப் பெய்த மழை அப்பாறையின் மேற்புறத்தை அரித்துக் கரைப்பவற்றைக் கரைத்துக்கொண்டு போக, கரையாது எஞ்சிய செம்மண்கல் முகடுகளில் தொப்பி போலப் படிந்திருக்கின்றது. அதுதான் பாக்சைட்டு, அலுமினியத்தின் மூலக்கல். மேட்டூரில் 1965-இல் இயங்கத் தொடங்கிய அலுமினிய ஆலைக்கென இம்மலையிலும் கொல்லிமலையிலும் அது அகழப்பட்டது. 1995-இல் அவ்வாலை பின்னர் வேதாந்தா என்று பெயர் பெற்ற குழுமத்தின் கைக்கு மாறிற்று. 2008-இல் அகழ்வு நின்றது. இவ்வளவு ஆண்டுகளில், ‘உங்கள் முகட்டைத் தோண்டலாமா?’ என்று மலைமக்களின் ஊரவையைக் கேட்டே ஆக வேண்டும் என்று அரசைப் பணித்த சட்டமே நெடுங்காலம் நாட்டில் இல்லை.

ஒடிசாவில் நியமகிரி என்றொரு மலை. டோங்கிரியா கோந்து என்னும் பழங்குடியினர் அங்கு நியமராசா என்னும் தெய்வத்தை வணங்குகின்றனர். அம்மலை முகட்டிலும் பாக்சைட்டு; அதனை வேண்டி நின்றதும் அதே வேதாந்தா குழுமம். வழக்கு உச்ச முறைமன்றம் சென்றது. 2013 ஏப்பிரல் 18 அன்று வந்த தீர்ப்பில், அகழ்வினால் அம்மக்களின் வழிபாட்டுரிமை கெடுமா என்பதை அவர்களுடைய ஊரவைகளே ஆராய்ந்து சொல்ல வேண்டும் என்று முறைமன்றம் பணித்தது. பன்னிரண்டு ஊர்களில் ஊரவை கூடிற்று. பன்னிரண்டும் வேண்டா என்றன. 2014 சனவரியில் நடுவணரசு அத்திட்டத்திற்கு இசைவு மறுத்தது.

இத்தீர்ப்பின் மெய்யியலை எண்ணிப் பாருங்கள். நியமராசா உண்டா இல்லையா என்று முறைமன்றம் ஆராயவில்லை. அலுமினியம் வேண்டுமா வேண்டாவா என்றும் முடிவு கட்டவில்லை. இழப்பவன் யாரோ அவனைக் கேள் என்றது. நம்பிக்கையுரிமை என்பது நெஞ்சுக்குள் மட்டும் வைத்துப் பூட்டிக்கொள்ளும் பொருளன்று. அதற்கு நிற்க ஒரு நிலமும், குடிக்க ஓர் ஊற்றும், ஏறிச் செல்ல ஒரு வழியும் வேண்டும். இவற்றைப் பறித்துக்கொண்டு நம்பிக்கையை மட்டும் விட்டுவைத்தேன் என்பது, நாவை அறுத்துக்கொண்டு பேச்சுரிமையை விட்டுவைத்தேன் என்பதற்கு ஒப்பு.

‘நாட்டுக்கு மாழை வேண்டாவா? பொதுநலத்திற்குச் சிலர் இழக்கத்தானே வேண்டும்?’ என்பர். வேண்டலாம். நானும் அலுமினியக் குண்டானில் சோறுண்டவனே. ஆனால் பொதுநலத்தின் பெயரால் இழப்பவர் ஏன் எப்போதும் ஒருவராகவே இருக்கின்றார்? தண்டவாளத்திற்கு மரம் வேண்டுமென்றால் மலை, மின்னாற்றலுக்கு அணை வேண்டுமென்றால் மலை, ஆலைக்குக் கல் வேண்டுமென்றால் மலை. பொதுநலம் என்பது உண்மையிலேயே பொதுவானால், இழப்பவனை அமரவைத்துக் கேட்பதில் அரசுக்கு என்ன அச்சம்?

நியமகிரியின் ஊரவைகளுக்கு அவ்வாற்றலைத் தந்தவற்றுள் முதன்மையானது 2006-ஆம் ஆண்டின் வனவுரிமைச் சட்டம். அது சேர்வராயனுக்கும் பொருந்தும். 2005 திசம்பர் 13-க்கு முன்பிருந்தே காட்டு நிலத்தில் வாழ்ந்து உழும் பழங்குடிக் குடும்பத்திற்கு 4 எக்டேர் எல்லைக்குள் உரிமை. சிறுவிளைபொருள்களைச் சேர்த்து விற்கும் உரிமை. ஊர்ப் பொதுக்காட்டைப் பேணும் உரிமை. உரிமை யாருக்குண்டு என்று முதலில் ஆராய்ந்து சொல்லும் அதிகாரம் ஊரவைக்கே. 1882-இன் சட்டம் வாய்மூடி இருந்தவனின் உரிமையை அழித்தது. 2006-இன் சட்டம் அவன் வாயைத் திறக்கச் சொல்கின்றது.

ஆனால் தமிழகத்தில் நடந்தது என்ன? 2007 திசம்பர் 31 அன்று நடைமுறைக்கு வந்த அச்சட்டத்தின்படி பட்டயம் வழங்குதல், 2008-இல் சென்னை உயர் முறைமன்றம் இட்ட ஆணையால் தடைப்பட்டு, 2016-இல் உச்ச முறைமன்றம் அதனை நீக்கும் வரையில் தேங்கிக் கிடந்தது. இன்னுமொன்று: அரசியலமைப்பின் ஐந்தாம் அட்டவணைப்படி பழங்குடிப் பகுதிகள் பத்து மாநிலங்களில் அறிவிக்கப்பட்டுள்ளன, தமிழ்நாடு அவற்றுள் இல்லை. ஆகவே, அப்பகுதிகளின் ஊரவைகளுக்குத் தனியாற்றல் தரும் 1996-ஆம் ஆண்டுச் சட்டமும் இம்மலைக்கு இல்லை. ஒடிசாவில் கோந்து மகனுக்கு உள்ள காப்பில் ஒரு பகுதி, இங்கு மலையாளிக்கு இல்லை.

அதற்கு மேலும் கேளுங்கள். 2022-இல் நடுவணரசு வகுத்த காட்டு விதிகள், தன் இறுதி ஒப்புதலுக்கு முன்பே ஊரவையின் இசைவு வந்திருக்க வேண்டும் என்னும் முறையைத் தளர்த்தி, அப்பொறுப்பை மாநில அரசின் மேல் தள்ளிவிட்டன. 2023-இல் 1980-ஆம் ஆண்டுக் காட்டுக் காப்புச் சட்டத்தைத் திருத்தியபோது அதன் பெயரையே மாற்றினர். இன்று அதன் பெயர் ‘வன் சன்ரக்சன் ஏவம் சம்வர்தன் அதினியம்’. சேர்வராயன் மலையில் தமிழ் மட்டுமே அறிந்த ஒரு கிழவி தன் காட்டைப் பற்றிய சட்டத்தின் பெயரை வாயால் சொல்லவும் இயலாது. மொழியுரிமை வேறு, மண்ணுரிமை வேறு என்று எண்ணுவோர் இவ்வொன்றை எண்ணிப் பார்க்கட்டும். தனக்குப் புரியாத மொழியில் எழுதப்பட்ட சட்டத்திற்கு ஒருவன் எப்படி இசைய முடியும்? எப்படி மறுக்க முடியும்?

நம் கடமை

அன்புடையீர்! மூன்று வினாக்களுக்கும் என் விடையைச் சுருங்கக் கூறுவேன். அரசின் உரிமை குடிகளின் இசைவிலிருந்து வருகின்றது. வாய்மூடிய அமைதி இசைவாகாது. நம்பிக்கையின் மெய்பொய்யை அளக்கும் தகுதி அரசுக்கில்லை. பிறர்க்குத் தீங்கு நேரும்போது தடுக்கும் கடமை மட்டும் உண்டு. நம்பிக்கையைக் காப்பதென்பது, அது ஊன்றி நிற்கும் மண்ணையும் காப்பதே. கோலுக்கு எல்லை இவையே.

இவற்றை மேடையில் சொல்லிக் கைதட்டுப் பெறுவதில் பயனில்லை. ஏற்காட்டுக்கு வருவோரெல்லாம் ஏரியில் படகு விட்டு, படம் எடுத்துக்கொண்டு இறங்கிவிடுகின்றனர். நாமும் அவ்வாறே பேசிவிட்டு இறங்கிப் போவதாயின் அவர்க்கும் நமக்கும் வேறுபாடில்லை. தமிழ் கற்ற இளைஞர்கள் இரண்டிருவராக மலையூர்களுக்குச் செல்லுங்கள். 2006-ஆம் ஆண்டுச் சட்டத்தை எளிய தமிழில் எழுதி எடுத்துச் சென்று, ஊரவை கூடும் நாளில் உரக்கப் படித்துக் காட்டுங்கள். ஊரவையில் பாதிப்பேரேனும் இருக்க வேண்டும், அவர்களுள் மூன்றிலொரு பங்கினரேனும் பெண்டிராயிருக்க வேண்டும் என்று விதி சொல்வதைத் தாய்மாரிடம் சொல்லுங்கள். உரிமை கோரும் தாளை நிரப்பத் தெரியாதவர்க்கு நிரப்பிக் கொடுங்கள். என்ன கோர வேண்டும் என்று நீங்கள் முடிவு செய்யாதீர்கள். அவர்கள் சொல்வதை எழுதுங்கள். முழையைப் பற்றி அவர்கள் ஏதேனும் சொன்னால் நகையாமல் கேளுங்கள். ஐயம் இருப்பின் வெளிப்படையாகக் கேளுங்கள். கேட்பதும் உரிமை, விடை சொல்வதும் உரிமை.

பறம்பு வீழ்ந்தபின் பாரிமகளிர்க்காகப் பாடக் கபிலர் ஒருவர் இருந்தார். நாம் வீழ்ந்தபின் பாடும் புலவராக வேண்டா. வீழுமுன் படித்துக்காட்டும் ஆசிரியராவோம்.